கடையில் நிற்கும் பிள்ளைகளின் ஹக்

 



ஷஃபான் பிறந்துவிட்டது. ரமளான் வரப்போவதை நமக்கு முன்பே தெரிந்துகொள்பவர்கள் துணிக்கடைக்காரர்கள். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சிடிஎச் சாலையில் போய்ப் பாருங்கள். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பாருங்கள். பெருநாள் விற்பனைக்கான சரக்கு வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. கூடவே "சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள்ஸ் தேவை" என்ற அட்டையும் கண்ணாடிக் கதவில் ஏறிவிட்டது. நம் மஹல்லாவின் பிள்ளைகள் பலர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது. அவர்களைப் பற்றிப் பேசினால், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களைப் பற்றியும், அவர்களிடம் போய்ப் பொருள் வாங்கும் உங்களையும் என்னையும் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

நம் பகுதி தொழிற்சாலைப் பகுதி. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. நம் தந்தையர் தலைமுறையில் பலர் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்தால் முடிந்ததுதான். அந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று மொபைல் ஷோரூமில், சூப்பர் மார்க்கெட்டில், துணிக்கடையில், செருப்புக்கடையில் நிற்கிறார்கள். இங்கே சங்கு கிடையாது. கடைசி வாடிக்கையாளர் எப்போது வெளியேறுகிறாரோ, அப்போதுதான் ஷட்டர் இறங்கும். அதற்குப் பிறகும் பிரித்துப் போட்ட துணியை மடிக்க வேண்டும், ஸ்டாக் எண்ண வேண்டும். பிறகு தி.நகரிலிருந்தும் புரசைவாக்கத்திலிருந்தும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும்.

இந்த வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பெண் பார்க்கும் இடத்தில் "மாப்பிள்ளை கடையில் நிற்கிறார்" என்றால் முகம் சுளிக்கிறார்கள். அடுத்தவருடைய சரக்கை எடுத்துச் சென்று விற்றுக்கொடுக்கும் வேலையை யார் செய்தார்கள் என்று சீறாவைத் திறந்து பாருங்கள். கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு, அவர்களின் பணியாளர் மைசராவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஷாம் தேசத்துக்குப் போய் விற்று வந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். முதல் கதீஜா அம்மையாருடையது. உழைப்பும் நாணயமும் நபியவர்களுடையது. அந்த நாணயத்தைக் கேள்விப்பட்டுத்தான் கதீஜா அம்மையார் அவர்களை மணக்க விரும்பினார்கள். இன்று நாம் சுளிக்கும் முகத்தை அன்று அந்தச் சீமாட்டி சுளிக்கவில்லை.

இந்த வேலையில் சந்தோஷமும் உண்டு. கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பம், எதைக் காட்டினாலும் பிடிக்காமல் எழப் போகும் நேரத்தில், இவர் எடுத்துப் போட்ட ஒரு சேலையைப் பார்த்து மணப்பெண்ணின் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சிக்கு இன்சென்டிவ் கிடையாது. ஆனால் அன்று இரவு வீட்டில் அதைத்தான் இவர் சொல்வார். அதே ஆள் மறுநாள் ஒரு பீஸ்கூட விற்காமல் நிற்பார். மேலாளர் எல்லார் முன்னிலையிலும் "சும்மா நிக்கத்தான் சம்பளமா?" என்று கேட்பார். விற்றதும் விற்காததும் இவர் கையில் மட்டும் இல்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயற்சி செய்தவரை, பலன் வரவில்லை என்பதற்காக அவமானப்படுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

ஒரு தம்பி அஸருக்குப் பிறகு என்னிடம் வந்து, "ஹஜ்ரத், என் சம்பளம் ஹலாலா?" என்று கேட்டார். மின்சாதனக் கடையில் வேலை. பழைய மாடலை முதலில் தள்ளிவிடச் சொல்கிறார்களாம். எக்ஸ்டெண்டட் வாரண்டியை ஒவ்வொரு பில்லிலும் சேர்க்க வேண்டுமாம். "கடைசி பீஸ் சார், காலையிலேயே ஒருத்தர் கேட்டுட்டுப் போனார்" என்று சொல்லப் பயிற்சியே கொடுக்கிறார்களாம். சொல்லாவிட்டால் டார்கெட் வராது. டார்கெட் வராவிட்டால் இன்சென்டிவ் இல்லை. அந்த இன்சென்டிவ்தான் வீட்டு வாடகை.

இந்தக் கேள்வி அந்தத் தம்பி ஒருவருடையது அல்ல என்பதால் பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

விற்றுக்கொடுக்கும் வேலை ஹலால். அதற்கான கூலியும் ஹலால். கடை என்ன விலைக்கு வாங்கியது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. வாங்கிய விலையைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு லாபம் என்று பேசி விற்கும் முராபஹாவில்தான் அதை உண்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது உங்கள் திறமை. அதிலும் தவறில்லை. ஆனால் குறையை மறைப்பது வேறு. இல்லாத வாடிக்கையாளரை இருப்பதாகச் சொல்வது வேறு. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு, அடுத்தவரைத் தூண்டிவிடும் நஜ்ஷை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியில் வருகிறது. "காலையிலேயே ஒருத்தர் கேட்டுட்டுப் போனார்" என்ற பொய் அந்த நஜ்ஷின் தம்பிதான். ஆள் இல்லாமலேயே ஆளை நிறுத்தி விலை கேட்க வைக்கிறோம்.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்ல என்றும் எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. நனைந்தது தெரியும்படி விற்கச் சொன்னார்கள். பழைய மாடலை விற்கலாம். "இது போன வருஷ மாடல், அதனால்தான் விலை குறைவு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் சில பில் குறையலாம். குறைந்தாலும் பரக்கத் எங்கே இருக்கிறது என்பதை நபியவர்கள் சொல்லிவிட்டார்கள்: விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்று.

அந்தத் தம்பியிடம் வேலையை இன்றே விட்டுவிடச் சொல்லவில்லை. வாடகையும் தாயின் மருந்தும் அவர் தலையில் இருக்கிறது. பொய்யை மட்டும் விடுங்கள், வேறு இடமும் தேடிக்கொண்டிருங்கள் என்றேன். அவர் பொய்யை அவருக்குப் பயிற்சியாகக் கற்பித்தவர் அல்லாஹ்விடம் தனியாகப் பதில் சொல்வார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு சம்பவத்தை எழுதுகிறார்கள். பஸராவைச் சேர்ந்த யூனுஸ் பின் உபைத் (ரஹ்) துணி வியாபாரி. அவரிடம் 400 திர்ஹம் ஆடையும் இருந்தது, 200 திர்ஹம் ஆடையும் இருந்தது. கடையில் சகோதரர் மகனை உட்கார வைத்துவிட்டுத் தொழப் போனார். ஒரு கிராமத்து அரபி வந்து 400 திர்ஹத்தில் ஆடை கேட்டார். இந்தப் பையன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவருக்குப் பிடித்துப்போனது. 400 கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். வழியில் யூனுஸ் அவரைப் பார்த்தார். கையில் இருப்பது தன் கடை ஆடை என்று கண்டுகொண்டு விலை விசாரித்தார். இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார் அந்த அரபி. யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையனைக் கண்டித்தார். அவர் விரும்பித்தானே வாங்கினார் என்றான் பையன். உனக்கு விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று கேட்டார் யூனுஸ்.

இன்று அந்தப் பையன் நம் ஊர் ஷோரூம் ஒன்றில் இருந்திருந்தால், "இந்த மாதத்தின் சிறந்த விற்பனையாளர்" என்று புகைப்படம் மாட்டியிருப்பார்கள்.

பொய் சொன்னது கடையில் நிற்பவர்தான். ஆனால் பொய்யின் லாபம் யாருக்குப் போகிறது? யூனுஸ் பின் உபைத் பையனைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. தன் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். நம் முதலாளிகள் கண்டிப்பதாக இருந்தாலும், பணம் என்னவோ கல்லாவிலேயே இருந்துவிடுகிறது.

இனி முதலாளிமார்களுக்கு. இந்த மஸ்ஜிதின் முதல் ஸஃப்பில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

தொழுகையில் கியாம், நிற்பது, ஃபர்ள். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) மூல நோயால் அவதிப்பட்டபோது நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று வழி சொன்னார்கள். படைத்தவன் தன் முன்னால் நிற்க முடியாதவரை உட்காரச் சொல்கிறான். ஆள் இல்லாத மதிய நேரத்தில், கவுண்டருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பெண்ணைக் கேமராவில் பார்த்துவிட்டு அபராதம் போடும் கடைகள் இருக்கின்றனவே, அவர்கள் யாருடைய இடத்தில் தங்களை வைத்துக்கொள்கிறார்கள்?

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இதற்காகப் போராட்டமே நடந்தது. விஜி என்ற தையல் தொழிலாளி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைப் பெண்களைத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடைகளில் அது இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே பழைய சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்திருக்கிறது. கடையை 24 மணி நேரமும் திறந்து வைக்க அரசு 2019இல் அனுமதி கொடுத்தது என்பீர்கள். அந்த அனுமதி கடைக்கு. அதில் நிற்கும் மனிதருக்கு அதே 8 மணிதான்.

சினிமாவைப் பற்றி மிம்பர் பக்கத்தில் நின்று பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் 2010இல் வந்த 'அங்காடித் தெரு' ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் பாட்டைக் காட்டியது என்பதை ஊரே அறியும். அப்போது எல்லாரும் அழுதோம். சட்டம் வர அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் ஆனது. ஸ்டூல் வர இன்னும் எத்தனை ஆண்டுகளோ. சில கடைகளில் இருக்கை இருக்கிறது. அதன் மேல் துணி பண்டல் உட்கார்ந்திருக்கிறது.

காலில் சுருட்டிக்கொண்டு நிற்கும் நரம்பும், குதிகால் வலியும், பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றும் 30 வயதுக்குள் வருகின்றன. உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாததை அவர்கள் மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது புகாரியில் இருக்கிறது. அது அடிமைகளைப் பற்றிச் சொன்னது. அடிமைக்கே அந்த ஹக் என்றால், சுதந்திரமாகப் பிறந்து கூலிக்கு வந்தவருக்கு எவ்வளவு?

இன்னொரு விஷயம். இதைப் பலர் மஸ்அலாவாகவே நினைப்பதில்லை. மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணுகிறீர்கள். நான்கு சட்டை குறைகிறது. அந்தத் தளத்தில் நிற்கும் எல்லாருடைய சம்பளத்திலும் பிடிக்கிறீர்கள். ஃபிக்ஹில் இப்படி ஒருவரிடம் மட்டும் நேரத்துக்கு வேலை செய்பவருக்கு 'அஜீர் காஸ்' என்று பெயர். அவர் கையில் இருக்கும் பொருள் அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ, அலட்சியம் செய்தாலோ ஒழிய, தொலைந்ததற்கு அவர் பொறுப்பாளி அல்ல. யார் எடுத்தது என்று தெரியாமல் பத்துப் பேர் சம்பளத்தில் கை வைத்தால், அதில் குற்றமற்ற ஒன்பது பேரின் பணம் உங்களிடம் வந்துவிடுகிறது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸ் குத்ஸீ உங்களுக்குத் தெரியும். நான்கு சட்டைக்காக அந்த வழக்கில் போய் நிற்காதீர்கள்.

டார்கெட்டும் அப்படித்தான். மாத ஆரம்பத்தில் பேசியது பேசியதுதான். 20ஆம் தேதி எல்லையைத் தொடப் போகிறார் என்று தெரிந்ததும் எல்லையைத் தள்ளி வைப்பது ஒப்பந்த மோசடி. மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர் எட்டு ஆண்டு என்று தெளிவாகப் பேசினார், பத்தாக முடித்தால் அது உங்கள் விருப்பம் என்றார், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். சூரத்துல் கஸஸில் இந்தப் பேச்சு இருக்கிறது.

ஜும்ஆ விஷயம். பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரும்படி சூரத்துல் ஜும்ஆ கட்டளையிடுகிறது. முஸ்லிம் முதலாளிகளே, நீங்கள் மட்டும் குளித்து அத்தர் பூசி வந்துவிட்டு, உங்கள் முஸ்லிம் ஊழியரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தால், இப்போதே ஒரு போன் போடுங்கள். பிறர் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளே, வேலைக்குச் சேரும் அன்றே வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது. கூட வேலை செய்யும் மாற்று மத நண்பரிடம் பேசுங்கள். வெள்ளி மதியம் அவர் உங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளட்டும். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் அவருக்காக நில்லுங்கள். பட்டாபிராமில் ஒரு கடையில் இரண்டு பேர் ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்கிறார்கள். முதலாளிக்கும் தெரியும், நஷ்டம் ஒன்றும் வரவில்லை.

இப்போது வாங்கப் போகும் உங்களுக்கு.

நாற்பது சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுவது பாவம் அல்ல. அது உங்கள் உரிமை. ஆனால் எழும்போது "சிரமம் கொடுத்துட்டோம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன செலவு? உங்கள் மகள் வயதுப் பெண்ணை "ஏய்" என்று கூப்பிடுவதும், உங்கள் அண்ணன் வயதுக்காரரைப் பெயர் அட்டையைப் பார்த்து ஒருமையில் அழைப்பதும் வேண்டாம். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. நமக்குப் பத்து நிமிடம் பணிவிடை செய்பவரிடம் எத்தனை 'சீ'! விற்கும்போதும் வாங்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு நபியவர்கள் அருளை வேண்டினார்கள். வாங்கும்போதும் என்பதைக் கவனியுங்கள்.

பொருளில் குறை இருந்தால் மாற்றிக் கேளுங்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சண்டையை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள மேலாளரிடம் போடுங்கள். பில் போடும் பெண்ணிடம் கத்தி என்ன ஆகப் போகிறது? அணிந்து பார்த்துவிட்டு, பெருநாள் முடிந்ததும் "சைஸ் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. அந்தப் பீஸ் டேமேஜ் என்று எழுதப்பட்டு யார் கணக்கில் ஏறுகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

ரமளான் கடைசிப் பத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். லைலத்துல் கத்ரைத் தேடும் இரவுகளில் நாம் மேட்சிங் துப்பட்டா தேடுகிறோம். நாம் தேடுவதால், நோன்பு வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்ற ஒரு பிள்ளை, இஃப்தாருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் குடித்துவிட்டு, நள்ளிரவு வரை உங்களுக்கு எடுத்துப் போடுகிறது. பெருநாள் துணியை ஷஃபானிலேயே எடுத்துவிடுங்கள். இப்போது கூட்டம் இல்லை, விலையும் கூடாது, அந்தப் பிள்ளைகளுக்கு ஸஹருக்கு முன் கொஞ்சம் தூக்கமாவது கிடைக்கும்.

முஆத் (ரலி) அவர்கள் இஷா தொழுகையில் நீண்ட சூராவை ஓதினார்கள். பகல் முழுக்க ஒட்டகத்தைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒரு தொழிலாளி நிற்க முடியாமல் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் (ரலி) அவரைக் குறை சொன்னார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போனது. அவர்கள் தொழிலாளியைக் கண்டிக்கவில்லை. மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறீரா என்று முஆதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் வேலை உள்ளவரும் நிற்கிறார்கள் என்று சொல்லி, சிறிய சூராக்களை ஓதச் சொன்னார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிய எங்களுக்குத்தான் இது முதல் பாடம். கடையிலிருந்து வருபவருக்கு மஸ்ஜிதும் இன்னொரு நிற்கும் தளமாகிவிடக் கூடாது.

ஆகவே நிர்வாகத்தாரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், இந்த ரமளானில் குர்ஆன் முழுவதும் ஓதும் தராவீஹ் வழக்கம்போல் கீழே நடக்கும். கடை ஊழியர்களுக்காக மதரஸா மாடியில் இரவு 11 மணிக்குத் தனியாக இஷாவும், 'அலம் தர'விலிருந்து சிறிய சூராக்களோடு தராவீஹும் நடக்கும். சுவரோரம் பத்து நாற்காலிகள் போடப்படும். தாமதமாக வருபவர்களுக்காகக் கஞ்சியும் எடுத்து வைக்கப்படும். அதற்குப் பாத்திரமும் ஆளும் தேவை. முடிந்தவர்கள் தொழுகைக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதால், பெற்றோரும் இன்றே சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.